முன்பக்கம் பஞ்சாங்கம், பின்பக்கம் சரித்திரம்: ஒரு நாட்கலண்டரைப் புரட்டிப் பார்த்தால்

டிசெம்பர் பிறந்தால் கொழும்பு புறக்கோட்டை மலிபன் வீதியில் காகிதக் கடை வாசல்கள் தோறும் கட்டுக் கட்டாக அடுக்கியிருக்கும் பொருள்தான் இது. சுவரில் மாட்டி நாளுக்கொரு தாள் கிழிக்கும் கலண்டர். வழமையான கலண்டருக்கும் இதற்கும் வித்தியாசம் தாளின் முதுகில் இருக்கிறது. முன்பக்கத்தில் திகதி, கிழமை, திதி, நட்சத்திரம், இராகு காலம், கீழே பொது, வங்கி, வர்த்தக விடுமுறைக் குறிகள். பின்பக்கத்தில் ‘வரலாற்றில் இன்று’ என்று ஐந்து தொடக்கம் எட்டு வரிகள். அச்சகத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இதே அமைப்பில் வேறு சிலவும் சந்தையில் இருக்கின்றன, கீழே சொல்லும் குறைகளை அவற்றிலும் தேடிப் பார்க்கலாம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். மட்டை உறுதியானது, இலகுவில் வளையாது. தாள்களை மேலே தகரப் பட்டி வைத்து இரண்டு கம்பியால் அடித்திருக்கிறார்கள். கம்பி சாதாரண இரும்பு. காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம் உள்ள வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி வீடுகளில் யன்னலுக்கு நேரே மாட்டினால் உப்புக் காற்றுக்குச் சில மாதங்களில் துருப்பிடிக்கும், அந்தத் துரு மேல் வரிக்கு இறங்கும். உள்சுவரில் மாட்டுவது நல்லது. தாள் செய்தித்தாள் ரகம். சாதாரண நாட்களின் கறுப்பு எண் முதுகில் அவ்வளவாகத் தெரியவில்லை. ஞாயிறு, போயா (பௌத்தரின் புனித நாள்), விடுமுறை நாட்களின் பெரிய சிவப்பு எண்ணில்தான் கரைச்சல். மை கூடுதலாக விட்டதால் பின்பக்கம் ஊறி, சரித்திர வரிகளுக்கு நடுவே தலைகீழாக ஒரு 4 நிழலாடுகிறது. பெப்ரவரி 4 தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். 1948 இல் சுதந்திரம் கிடைத்த வரி அந்த நிழலுக்குள் இருக்கிறது. 60 கிராம் தாள் போட்டிருந்தால் இது நடந்திராது, கட்டு சில மில்லிமீற்றர் தடித்திருக்கும், அவ்வளவுதான்.

அமைப்பிலேயே ஒரு பிழை உண்டு. 21 ஆம் திகதித் தாளின் முதுகில் 21 ஆம் திகதியின் சரித்திரம் அச்சாகியிருக்கிறது. தாள் தொங்கும்போது முதுகு தெரியாது. மறுநாள் காலை கிழித்த பிறகுதான் கைக்கு வரும். ஆக ‘இன்று’ என்று வாசிப்பதெல்லாம் நேற்றையது. தூக்கிப் பார்த்தால் பொட்டுத் துளைக் கோட்டில் பாதி கிழிந்துவிடும். பக்கம் அடுக்கும்போது ஒரு தாள் தள்ளிப் போட்டிருந்தால் போதும்: 20 இன் முதுகில் 21 இன் சரித்திரம், ஜனவரி 1 இன் சரித்திரம் முகப்புத் தாளின் முதுகில். இதற்கு ஒரு சதமும் கூடச் செலவில்லை. வாங்கியவர்கள் செய்யக்கூடியது, காலையில் கிழிக்கும் பழக்கத்தை விட்டு இரவு படுக்கப்போகும் நேரம் கிழிப்பது.

இனி உள்ளடக்கம். இந்த வகைக் கலண்டரில் பிழை என்றால் ஆண்டு மாறியிருக்கும், பெயரில் எழுத்து விட்டிருக்கும் என்றுதான் நினைப்போம். இதில் அப்படியானவை குறைவு. பிழைக்கிற இடம் வேறு: எந்த மணிக்கூட்டில் அந்த நாள், எந்தக் கலண்டரில் அந்த நாள் என்று யாரும் கேட்காமலே வரிகளைச் சேர்த்திருக்கிறார்கள். முன்பக்கத்தில் பஞ்சாங்கக்காரர் தன் கணக்கு வாக்கியமா திருக்கணிதமா என்று வெளிப்படையாகப் போடுகிறார். பின்பக்கத்தில் அந்த ஒழுங்கு இல்லை.

ஜூலை 20 தாளை எடுங்கள். 1969 இல் மனிதன் நிலவில் காலடி வைத்த நாள் என்று இருக்கிறது. அமெரிக்காவுக்கு அது சரி. அப்பல்லோ 11 இன் ‘ஈகிள்’ கலம் தரை தொட்டது கிரீன்விச் நேரம் 20 ஆம் திகதி இரவு 8.17 க்கு. இலங்கை மணிக்கூடு ஐந்தரை மணித்தியாலம் முன்னே ஓடியது. ஆகவே இங்கே அது 21 ஆம் திகதி திங்கட்கிழமை அதிகாலை 1.47. ஆம்ஸ்ட்ரோங் ஏணியால் இறங்கிக் கால் வைத்தபோது கிரீன்விச்சிலேயே 21 பிறந்து 2.56 ஆகிவிட்டது. கொழும்பில் காலை 8.26, அலுவலகங்களுக்குச் சனம் போகிற நேரம். கொழும்புச் சுவரில் தொங்கும் கலண்டரில் இந்த வரி இருக்கவேண்டிய இடம் ஜூலை 21.

அந்தத் தாளில் ஏற்கெனவே இரண்டு நல்ல வரிகள் இருக்கின்றன. 1960 ஜூலை 21 இல் சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமராகி, அந்தப் பதவிக்கு வந்த உலகின் முதற் பெண்ணானார். 2001 ஜூலை 21 இல் சிவாஜி கணேசன் காலமானார். நிலவையும் இவர்களோடு சேர்த்திருந்தால் வருடத்தின் மிக நல்ல தாள்களில் ஒன்று இதுவாகியிருக்கும். (இடையில் ஒன்று: 1966 தொடக்கம் 1971 வரை இலங்கையில் ஞாயிறு வார விடுமுறை அல்ல, போயாவும் அதற்கு முதல் நாளும்தான். அந்த ஆண்டுகளின் கொழும்புச் செய்தி எதிலாவது ‘விடுமுறை நாளான ஞாயிறு’ என்று கண்டால், எழுதியவர் பழைய பத்திரிகையைப் புரட்டவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.)

டிசெம்பர் 7, 8 தாள்களில் இதே சிக்கல் வேறு முகம் காட்டுகிறது. 7 இல் பேர்ள் ஹாபர் தாக்குதல், 8 இல் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது, இரண்டும் 1941. அடுத்தடுத்த இரவுகளில் இரண்டையும் கிழித்து வாசிப்பவருக்கு முதலில் ஹவாய், மறுநாள் மலாயா என்றுதான் விளங்கும். நடந்தது மறுவளம். கோத்தா பாருவில் படை இறங்கியது பேர்ள் ஹாபரில் முதற் குண்டு விழுவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் முந்தி. திகதிக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நள்ளிரவு தாண்டி 8 ஆகிவிட்டது, அந்தப் பக்கம் இன்னும் 7 ஆம் திகதிக் காலை. மலாயன் பென்சனில் (மலாயாவில் வேலை பார்த்தவர்களின் ஓய்வூதியம்) பிள்ளைகளைப் படிப்பித்த குடும்பங்கள் வாங்கப்போகும் கலண்டரில் இதற்கு அரை வரி விளக்கம் போட்டிருக்கலாம்.

நேரக் கணக்கு உண்மையில் சறுக்கிய தாள் டிசெம்பர் 26. சுனாமியைக் கிளப்பி, சுமாத்திராவுக்கு அருகே நிலம் அதிர்ந்தது 2004 இல் அன்று கிரீன்விச் நேரம் 0.58. கலண்டர் ‘இலங்கை நேரம் காலை 6.28’ என்கிறது. யாரோ ஐந்தரையைக் கூட்டியிருக்கிறார்கள். 2004 இல் இலங்கை மணிக்கூடு ஐந்தரையில் இல்லை. 1996 மே மாதம் ஆறரைக்குப் போய், அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறுக்கு இறங்கி, 2006 ஏப்ரல் நடுப்பகுதி வரை அங்கேயே நின்றது. அன்று சுவர் மணிக்கூடு காட்டியது காலை 6.58. இந்தப் பத்து ஆண்டுகளுக்குள் வரும் எந்த உலக நிகழ்வுக்கும் ஐந்தரை கூட்டினால் அரை மணித்தியாலமாவது பிழைக்கும், நள்ளிரவை ஒட்டியதென்றால் திகதியே மாறும். அதே தாளில் அன்று உந்துவப் போயா என்று குறித்திருப்பது நல்லது. போயா வருடத்துக்கு வருடம் நகரும், 26 நகராது. காலை 9.25 தொடக்கம் 9.27 வரை ஆண்டுதோறும் நாடு மௌனமாக நிற்பது 26 இல்தான்.

மணிக்கூட்டைச் சரிசெய்தாலும் இன்னொரு கேள்வி மிஞ்சும்: நாள் எப்போது தொடங்குகிறது? முன்பக்கத்துப் பஞ்சாங்கத்துக்குச் சூரிய உதயத்தில், பின்பக்கத்துச் சரித்திரத்துக்கு நள்ளிரவில். ஒரே தாளின் இரண்டு பக்கமும் ஒரே நாள் இல்லை! இதற்குப் பாரதியைவிட நல்ல சான்று கிடையாது. அவர் உயிர் பிரிந்தது 1921 செப்டெம்பர் 11 இரவு கழிந்து அதிகாலை ஒன்றரை மணியளவில். ஆங்கில முறையில் அது 12. விடியாததால் எங்கள் முறையில் அது இன்னும் 11. நூல்களில் இரண்டு திகதியும் மாறி மாறி வருவதற்குக் காரணம் இதுதான், யாருடைய கவலையீனமும் அல்ல. இந்தக் கலண்டர் 11 இல் போட்டிருக்கிறது. போடட்டும், ‘இரவு’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் முழுமை. யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்த 1981 மே 31, ஜூன் 1 இடைப்பட்ட இரவுக்கும் அதுவே பொருந்தும். இங்கே அதை ஜூன் 1 இல் மட்டும் வைத்திருக்கிறார்கள், மே 31 தாளில் ஒரு சுட்டுக்கூட இல்லை.

தமிழ் மாதக் கணக்கில் இன்னும் நுணுக்கமான ஒரு வழுக்கல். வள்ளலார் சித்திவளாகத்து அறைக்குள் புகுந்து கதவைத் திருக்காப்பிட்டது ஸ்ரீமுக ஆண்டு தை 19, ஆங்கிலத்தில் 1874 ஜனவரி 30. கலண்டர் இரண்டையும் போடுகிறது. முன்பக்கத்தைத் திருப்பினால் இந்த வருட ஜனவரி 30 தை 16 அல்லது 17 ஆகத்தான் இருக்கும், 19 அல்ல. அச்சுப் பிழையோ என்று மயங்கத் தேவையில்லை. எங்கள் சூரிய வருடம் நட்சத்திரங்களை வைத்து அளப்பது, ஆங்கில வருடம் பருவங்களை வைத்து அளப்பது. எங்களுடையது இருபது நிமிடம் நீளம். ஏறத்தாழ 72 வருடத்துக்கு ஒரு நாள் தள்ளும். 1874 இல் தை முதலாம் திகதி ஜனவரி 12 இல் வந்தது, இப்போது 14 அல்லது 15 இல் வருகிறது.

இதை மறந்ததால் ஜனவரி 15 தாள் கெட்டிருக்கிறது. 1897 இல் அன்று விவேகானந்தர் கொழும்பில் வந்து இறங்கினார் என்பது சரி, மறுநாள் இங்கே பேசினார் என்பதும் சரி. கொட்டாஞ்சேனை விவேகானந்த மேட்டுக்குப் பெயர் வந்த கதை அவரோடு தொடங்குகிறது. ‘தைப்பொங்கல் திருநாளில்’ என்று அலங்காரத்துக்குச் சேர்த்ததுதான் பிழை. இப்போது பொங்கல் 15 இல் வருவதால் அப்போதும் அப்படியென்று நினைத்திருக்கிறார்கள். அந்த வருடம் பொங்கல் ஏற்கெனவே முடிந்துவிட்டது.

ஐரோப்பியக் கலண்டர் மாற்றத்தை இவர்கள் கையாண்ட விதம் அரைகுறை. ஒக்டோபர் 25 தாளில் ஒக்டோபர் புரட்சி, நவம்பர் 7 தாளில் திரும்பவும் அதே புரட்சி, ஏன் இரண்டு முறை என்று ஒரு சொல் இல்லை. ரஷ்யா அப்போது ஜூலியன் கலண்டரில் இருந்தது, 13 நாள் பின்னால். நவம்பர் 7 ஐ மட்டும் வைத்திருந்தால் அது தனியாகவே நிற்கும்: மேரி கியூரி 1867 இல், சி.வி. இராமன் 1888 இல், கமல்ஹாசன் 1954 இல் பிறந்த நாள். ட்ரொட்ஸ்கி பிறந்ததும் 1879 இல் அன்றுதான். இதில் ஒரு சின்ன வேடிக்கை ஒளிந்திருக்கிறது. பழைய கலண்டரில் ட்ரொட்ஸ்கியின் பிறந்தநாள் ஒக்டோபர் 26, புரட்சி ஒக்டோபர் 25, ஒரே நாள் அல்ல. 1900 ஐ ரஷ்யா லீப் வருடமாக எண்ணியது, மேற்கு எண்ணவில்லை. அதனால் இரண்டு கலண்டருக்கும் இடைவெளி 12 இலிருந்து 13 ஆனது. புதிய கணக்குக்கு மாற்றியதும் இரண்டும் நவம்பர் 7 இல் வந்து விழுந்தன.

குறை சொல்லிக்கொண்டே போவது நியாயமில்லை. தெரிவில் கைதேர்ந்த தாள்களும் உண்டு. ஏப்ரல் 5 அப்படியொன்று. 1930 இல் காந்தி தண்டிக்கு வந்து சேர்ந்தார், உப்பை அள்ளியது மறுநாள் என்று வேறுபிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். 1942 இல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன, அன்று ஈஸ்டர் ஞாயிறு. முதல் நாளே கப்பற்படையைக் கண்டு தகவல் அனுப்பிய கனேடிய விமானி லியனார்ட் பேர்ச்சலின் பெயர்கூட இருக்கிறது. அதே நாளில் டோர்செற்ஷயர், கோர்ன்வால் என்ற இரண்டு பிரித்தானியக் கப்பல்களும் கடலுக்கடியில் போயின. 1971 இல் ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) கிளர்ச்சி வெடித்ததும் ஏப்ரல் 5. கொழும்புக்கென்றே எழுதிய தாள் இது. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளை இதில் திணிக்காமல் ஏப்ரல் 21 இல் வைத்ததற்குத் தனியாகப் பாராட்டவேண்டும். இரண்டும் ஈஸ்டர்தான், ஆனால் ஈஸ்டர் மார்ச் 22 க்கும் ஏப்ரல் 25 க்கும் இடையில் எங்கும் வரும்.

டிசெம்பர் 5 உம் அருமை. ஆறுமுக நாவலர் 1879, கல்கி 1954, மண்டேலா 2013, ஜெயலலிதா 2016: நால்வரும் மறைந்த நாள். நாவலர் குருபூசை கார்த்திகை மகத்தில் வருவதால் கோயில்களில் வேறு நாளில் நடக்கும் என்ற குறிப்பும் சேர்த்திருக்கிறார்கள். வள்ளலாருக்கும் பாரதிக்கும் காட்டியிருக்கவேண்டிய கவனம் இதுதான்.

கைவிட்ட தாள்களைப் பார்த்தால் வரிகள் எங்கிருந்து வந்தன என்று ஊகிக்கலாம். ஜனவரி 30 இல் காந்தி சுடப்பட்டது, ஹிட்லர் பதவியேற்றது, வள்ளலார் எல்லாம் உண்டு. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் 1832 இல் அதே நாளில் வேலூரில் சிறையிருந்தபடியே இறந்தது இல்லை. இந்திய, ஆங்கிலப் பட்டியல்களில் அவன் இருக்கமாட்டான். கொழும்பில் விற்கிற பொருளில் இருக்கவேண்டும். ஜூலை 19 இல் இந்திய வங்கிகள் தேசியமயமான 1969 இருக்கிறது, விபுலானந்த அடிகள் மறைந்த 1947 இருக்கிறது. அதே ஆண்டு அதே நாளில் பர்மாவில் ஆங் சான் சுட்டுக்கொல்லப்பட்டது இல்லை. ஏப்ரல் 26 இல் கணிதமேதை இராமானுஜன் மறைவு, இலங்கைத் தமிழ்த் தலைவர் தந்தை செல்வா மறைவு, செர்னோபில் அணுஉலை விபத்து மூன்றும் ஒழுங்காக இருக்கின்றன.

வாங்கியவுடன் பென்சில் எடுத்துத் திருத்தவேண்டிய சில இடங்கள். டிசெம்பர் 11 இல் பாரதி ‘நினைவு நாள்’ என்று இருக்கிறது, அது பிறந்தநாள். பிறப்பும் இறப்பும் 11 இல் வருவதால் நடக்கும் தடுமாற்றம். ஒரே மாதத்தில் இரண்டும் வருகிறவர்களையும் சரிபாருங்கள்: நாவலர் பிறந்தது டிசெம்பர் 18, மறைந்தது 5. பாரதிதாசன் பிறந்தது ஏப்ரல் 29, மறைந்தது 21. செப்டெம்பர் 25, 26 இரண்டு தாளிலும் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க ‘கொல்லப்பட்டார்’ என்று வருகிறது. 1959 இல் சுடப்பட்டது 25, உயிர் பிரிந்தது 26.

முன்பக்கத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். சூரிய உதயம் எந்த ஊருக்கு என்று முகப்பின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். சென்னைக் கணக்கை அப்படியே போட்ட கலண்டரென்றால் விட்டுவிடுங்கள். இரண்டு ஊரும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் இருந்தாலும் கொழும்பு தெற்கே இருப்பதால் டிசெம்பரில் இங்கே சுமார் பத்து நிமிடம் முந்தி விடியும், ஜூனில் சுமார் பத்து நிமிடம் பிந்தி விடியும். உதயத்திலிருந்து இராகு காலம் கணிக்கிறவர்களுக்கு அது தட்டும். இந்தக் கலண்டர் கொழும்புக் கணக்குத்தான்.

முதுகு வெறுமையாக உள்ள நாட்கலண்டரைவிட விலை கூடத்தான், ஆனால் தாங்கலாம். புறக்கோட்டையில் மொத்தமாக எடுத்தால் குறையும், வெள்ளவத்தைக் கடைகளில் கேட்ட விலைதான். ஜனவரி இரண்டாம் வாரத்துக்குப் பிறகு கட்டுகளை மலிவாகத் தள்ளிவிடுவார்கள். அப்போது வாங்குகிறவர்கள் முதல் இரண்டு கிழமைத் தாள்கள் கிழிந்துபோயிருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். பள்ளிக்கூட வகுப்பறைக்கு, அறிவித்தல் பலகைக்கு என்றால் தயங்காமல் வாங்கலாம். வினாடிவினாவுக்கு ஆதாரமாக மட்டும் வைக்கவேண்டாம்.

கடைசியாகப் பெப்ரவரி 28. லீப் வருடமல்லாத கட்டில் 29 க்குத் தாள் இல்லை, அந்த நாளுக்குரியவர்களும் அதோடு போய்விடுகிறார்கள். ருக்மிணி தேவி அருண்டேல் 1904 இல், மொரார்ஜி தேசாய் 1896 இல் பிறந்தது பெப்ரவரி 29. இராமன் விளைவு கண்டறியப்பட்ட 1928 இன் வரிக்குக் கீழே 28 ஆம் தாளில் நாலு விரல் இடம் வெறுமையாகக் கிடக்கிறது.